தோட்டத்து மண்ணில் பழைய குழிகள்



பால்மரக் காட்டில் நிரை பிடித்து நடந்தவர்களுக்கு அந்தக் காட்டின் மேடு பள்ளமெல்லாம் கால் அறிந்த செய்தி. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போகிறவர், எந்த இடத்தில் கான் குறுக்கிடும், எந்த மரத்தை அடுத்து மண்குழி இருக்கும் என்பதை வெளிச்சம் இல்லாமலே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கும் சில பள்ளங்கள் புதிராக இருக்கும். யார் வெட்டியது, எப்போது வெட்டியது என்று யாருக்கும் தெரியாது. வட்டமாக இருக்கும்; பாதி தூர்ந்திருக்கும்; உள்ளே சருகு மண்டிக் கிடக்கும். கேட்டால், 'ஜப்பான்காரன் காலத்துக் குழி' என்பார் ஒருவர். 'யானைக் குழி' என்பார் இன்னொருவர். அந்தப் பக்கமே போகாதே என்று சொல்லும் பாட்டியும் உண்டு.

இப்படிப்பட்ட குழிகளையும், நிலத்தில் மறைந்து கிடக்கும் பழைய எல்லைகளையும் தொல்பொருள் ஆய்வாளர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. வேறு எங்கும் போக வேண்டியதில்லை. கோலா கங்சாருக்குத் தென்கிழக்கே ஒரு மலைத்தொடரைத் தாண்டினால் கிந்தா பள்ளத்தாக்கு. வடக்கே பேராக் ஆற்றோடு ஏறிப் போனால் லெங்கோங். இந்த இரண்டு இடங்களுமே நமக்குப் போதும்.

கிந்தாவிலிருந்து தொடங்குவோம். 1880களில் அங்கே ஈயச் சுரங்கங்களை மேற்பார்வையிட்ட அதிகாரி ஆபிரகாம் ஹேல். அவர் 1885இல் கிந்தாவின் சுரங்கங்களையும் அங்கு வேலை செய்தவர்களையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஈய வேலை எப்படி நடந்தது, என்ன கருவிகள், எந்தப் பூசைகள் எல்லாம் அதில் உண்டு. நமக்கு வேண்டியது, பழைய வேலைகளைப் பற்றி அவர் போகிற போக்கில் எழுதி வைத்த சில வரிகள்தாம். ஈப்போவுக்கு அருகிலுள்ள லாஹாட் குன்றில் கிணறு போன்ற குழிகள் ஐம்பதாவது இருக்கும் என்கிறார். ஒவ்வொன்றும் சுமார் 8 அடி அகலம், 20 அடி ஆழம். இன்னும் உள்ளே தள்ளி, காட்டுக்குள் 50 அடி அகலமுள்ள ஒரு பெரும் பள்ளத்தையும் கண்டார். அதைச் சுற்றிக் கன்னிக் காடு வளர்ந்திருந்தது. அந்தக் காட்டின் வயதைக்கொண்டு பள்ளத்தின் வயதை ஊகித்துக்கொள்ளலாம் என்றார்.

அடுத்து அவர் சொல்லும் செய்தி நம் வீட்டுப் பெண்களுக்குப் பிடிக்கும். கட்டுரை எழுதுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 8 அடி ஆழத்தில், மசாலை அரைக்கும் அம்மியைப் போன்ற கற்கள் இரண்டு கிடைத்தன. வழக்கத்தில் இல்லாத வடிவம். நல்ல சொரசொரப்பான கல். தானியம் அரைக்கப் பயன்பட்டிருக்கலாம் என்பது ஹேலின் எண்ணம். ஈயம் தோண்டிய இடத்தில் அரைக்கும் கல் கிடந்தால், அங்கே சோறு பொங்கித் தின்று தங்கி வேலை செய்தவர்கள் இருந்தார்கள் என்றாகிறது. சுரங்கம் என்றால் ஆண்களையும் மண்வெட்டியையும் மட்டுமே நினைக்கிறோம். அந்த இரண்டு கற்கள் ஒரு குடும்பத்தையே நம் கண்முன் கொண்டுவருகின்றன.

குழிகளை யார் வெட்டினார்கள்? அங்கிருந்த மக்கள் 'லொம்போங் சயாம்', அதாவது சயாம்காரர் சுரங்கம் என்றார்கள். இந்தப் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியுமா? 1818இல் சயாமின் கட்டளைப்படி கெடாவின் படை பேராக்கைத் தாக்கியது. அந்த நினைவு மக்களிடம் வெகுகாலம் நின்றிருக்கும். ஆகவே, தெரியாத பழைய வேலை எதைக் கண்டாலும் 'சயாம்காரர் செய்தது' என்று சொல்லிவிடுவது எளிது. ஒருசில குழிகளைச் சயாமியரே வெட்டியும் இருக்கலாம். பெயர் ஒரு தடயமே தவிர சாட்சி அல்ல.

நம் ஊர்ப் பக்கத்திலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் கற்பலகைகளால் அமைந்த பழைய ஈமக்குழிகளைப் பாண்டவர் குழி, பாண்டுக்குழி என்று கிராமத்தார் சொல்வார்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் ஒளிந்திருந்த இடமாம். தோண்டிப் பார்த்தால் கறுப்பு சிவப்புப் பானையும் இரும்புக் கத்தியும் மனித எலும்பும் கிடைக்கின்றன. இரும்புக் காலத்து மக்கள் தங்கள் முன்னோரை அடக்கம் செய்த இடங்கள் அவை.

இங்கிலாந்தில் நார்ஃபோக் என்னும் பகுதியில், புல்வெளியெங்கும் அம்மைத் தழும்பு போலக் குழிகள் நிறைந்த ஓரிடம் உண்டு. கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்று பெயர். கிரிம் என்பது அந்நாட்டுப் பழைய தெய்வம் ஒன்றின் பெயர்; மனிதர் செய்திருக்க முடியாது, தெய்வம்தான் தோண்டியிருக்க வேண்டும் என்று மக்கள் முடிவு கட்டிவிட்டார்கள். 1868 முதல் 1870 வரை கிரீன்வெல் என்னும் பாதிரியார் அக்குழிகளில் ஒன்றை அடிவரை தோண்டச் செய்தார். ஏறத்தாழ 40 அடி ஆழம் போயிற்று. அடியில் நாலாபக்கமும் குகைபோல வழிகள் குடைந்திருந்தன. சக்கிமுக்கிக் கல் எடுப்பதற்காக வெட்டிய சுரங்கம் அது! வெட்டிய கருவி எது தெரியுமா? மான் கொம்பு. தேய்ந்துபோன கொம்புகள் அங்கேயே கிடந்தன. இன்றைக்கு அந்தச் சுரங்கங்களுக்கு ஏறத்தாழ 4,600 ஆண்டுகள் வயது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 400க்கும் மேற்பட்ட குழிகள் அங்கே உள்ளன. தெய்வத்தின் பெயரில் இருந்த வேலை, தோண்டிப் பார்த்த பிறகு, உழைத்த மனிதனின் கணக்கில் வந்து சேர்ந்தது.

சரி, மூடிப்போன குழியை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் மண்ணின் ஒரு குணத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை வெட்டிய மண் பழையபடி ஆவதில்லை. கிழிந்த வேட்டியில் ஒட்டுப் போட்டால், எத்தனை சலவைக்குப் பிறகும் ஒட்டு தெரிகிறதல்லவா? அதுபோல, வெட்டாத மண் கெட்டியாக, ஒரே நிறமாக, அடுக்கடுக்காக இருக்கும். குழியில் வந்து நிறைந்த மண்ணோ கலங்கலாக, கறுப்பேறி, நெகிழ்ந்து இருக்கும். சருகும் கரியும் உடைந்த ஓடும் அதில் கலந்திருக்கும். ஆய்வாளர் குழியின் பாதியை மட்டும் வெட்டி எடுப்பார். மறுபாதியை நெட்டாக நிற்க விடுவார். கேக்கை வெட்டினால் உள்ளே உள்ள அடுக்குகள் தெரிவதுபோல, குழி எப்படி வெட்டப்பட்டது, எப்படி நிறைந்தது என்பது அந்த வெட்டு முகத்தில் தெரியும். ஒரே நாளில் தள்ளி மூடினார்களா, மழை கொஞ்சம் கொஞ்சமாக அடித்து நிரப்பியதா என்றுகூடச் சொல்லிவிடலாம். அடியில் ஒரு கரித்துண்டு கிடைத்தால் அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, அந்த மரம் உயிரோடிருந்த காலத்தைக் கணக்கிடுவார்கள். நம் நாட்டு மண்ணில் எலும்பும் மரமும் சீக்கிரம் மக்கிப்போகும். ஆகவே கரித்துண்டுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

சோதனைக்கூடம் இல்லாமலும் ஒரு குறைந்தபட்ச வயதைச் சொல்லலாம். கன்னிக் காட்டை வைத்து ஹேல் சொன்னாரே, அதே முறைதான். குழியின் கரைச்சரிவிலேயே ஒரு பால்மரம் வேர்விட்டு நின்றால், குழி அந்த மரத்தைவிட மூத்தது. இன்ன காடு இன்ன ஆண்டில் நட்டது என்று தோட்டத்தில் கணக்கு உண்டு. பழைய ஆட்களுக்கு அது மனப்பாடமாகவே தெரியும். இன்னொரு வகையிலும் தோட்டத்து ஆளின் அறிவு ஆய்வாளருக்கு வேண்டும். சரிவுகளில் மழைநீரோடு மண் அடித்துப் போகாமல் தடுக்க மண்குழிகள் வெட்டுவோம். அவை மரவரிசைக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்காக, நீளவாக்கில் ஒழுங்காக இருக்கும். வரிசைக்குக் கட்டுப்படாமல், வட்டமாக, கூட்டமாகக் கிடக்கும் குழிகள் தோட்டம் போட்டவர்களுடையவை அல்ல. பட்டணத்திலிருந்து வரும் ஆய்வாளர் இதைக் கண்டுகொள்ள ஒரு நாள் ஆகலாம். நிரைக்காரர் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

லாஹாட்டில் ஏன் கிணறு போல வெட்டினார்கள் என்பதற்கும் மண்ணிலேயே விடை இருக்கிறது. ஈயமண் கிந்தாவில் மேலேயே கிடப்பதில்லை. மேல்மண்ணுக்குக் கீழே, சரளையோடு கலந்த ஒரு படிவத்தில் இருக்கும். மலாய்க்காரர்கள் அதைக் 'காராங்' என்பார்கள். அதை அடைய மேல்மண் முழுவதையும் வாரித் தள்ளுவதென்றால் நிறைய ஆள் வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும். ஆள்பலம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு பேர் நின்று மண்வெட்டி வீசும் அளவுக்கு ஒரு கிணறு வெட்டிக் காராங்கைத் தொடுவார்கள். அதை எடுத்து முடித்ததும் பக்கத்திலேயே அடுத்த கிணறு. சிறு கூட்டத்தின் சிக்கனமான வேலை என்றே இதை நான் பார்க்கிறேன். பிறகு டுலாங் தட்டில் அலசி, உருக்கி, கட்டியாக வார்த்திருப்பார்கள். பேராக்கில் உயிரோடிருந்தவர்கள் எவரும் அறியாத வடிவத்தில் பழைய ஈயக் கட்டிகள் கிடைத்ததையும் ஹேல் குறித்திருக்கிறார்.

அந்த ஈயம் எங்கே போயிற்று? செம்போடு ஈயத்தைச் சேர்த்தால்தான் வெண்கலம். தமிழ்நாட்டு மண்ணில் செம்பும் அரிது. வெள்ளீயமோ கிடைப்பதே இல்லை என்று சொல்லலாம். கடல் கடந்துதான் வந்தாக வேண்டும். பழைய அரபு எழுத்தாளர்கள் இந்தத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்த 'கலா' என்னும் துறையைப் பற்றியும் அங்கே கிடைத்த ஈயத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அரபு மொழியில் ஈயத்துக்கு வழங்கும் பெயர் அந்த ஊர்ப் பெயரிலிருந்தே வந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பித்தளைப் பாத்திரத்துக்கு 'கலாய்' பூசுகிறோமே, அந்தச் சொல்லும் அதே வழியில் வந்ததுதான். ஈயச் செம்பில் ரசம் வைத்த நம் பாட்டிமார்களுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்!

பேராக்கின் ஈய நிலங்களில் சிலைகளும் கிடைத்திருக்கின்றன. 1936இல் பீடோரில் ஓர் ஈயச் சுரங்கத்தில், எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரரின் வெண்கலச் சிலை வெளிப்பட்டது. பௌத்தர்கள் கருணையின் வடிவமாக வணங்குபவர் அவர். நமக்கு இன்னும் அருகில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ஜாலோங்கில் 1962இல் ஒரு பிராமண முனிவரின் வெண்கலச் சிலை கிடைத்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அரிய பொருள்கள்தாம், ஐயமில்லை. ஆனால் சுரங்க வேலையில் வெளிப்பட்ட பொருளுக்கு ஒரு குறை உண்டு. அது கிடந்த மண்ணிலிருந்து பிரிந்துவிடுகிறது. பக்கத்தில் என்ன கிடந்தது? கோயில் இருந்ததா, கொண்டுபோகிறவர் தவறவிட்டாரா, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்ததா? சிலையின் முகத்தையும் உடையையும் பார்த்துக் காலத்தை மதிப்பிடலாமே தவிர, இந்தக் கேள்விகளுக்குச் சிலை பதில் சொல்லாது. பதில் குழியில் இருந்தது; குழியோ அள்ளப்பட்டுவிட்டது. ஓர் அழகான சிலையும் அது கிடந்த குழியும் என் முன் இருந்து, ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்றால், நான் கொஞ்சம் தயங்கத்தான் செய்வேன்.

குழியைக் கலைக்காமல் விட்டால் எவ்வளவு அறியலாம் என்பதற்கு லெங்கோங் சான்று. அங்கே கோத்தா தம்பான் என்னும் இடத்தில், 1938இல், சிங்கப்பூர் ரேஃபிள்ஸ் அரும்பொருளகத்தைச் சேர்ந்த காலிங்ஸ் என்பவர் கல்லாயுதங்களைத் தோண்டி எடுத்தார். ஆற்றுக் கூழாங்கல்லைத் தட்டிச் செய்த முரட்டுக் கருவிகள். இவை மனிதன் செய்தவையா, ஆற்றில் உருண்டு உடைந்தவையா என்று அறிஞர்களுக்குள் வெகுகாலம் வாதம் நடந்தது. டாம் ஹாரிசன் என்னும் ஆய்வாளர் 1975இல்கூட ஐயம் எழுப்பினார். 1987இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரைனா மஜிட் அங்கே மறுபடியும் தோண்டினார். இம்முறை கற்களை மட்டும் பொறுக்கவில்லை. எந்தக் கல்லுக்கு அருகே எந்தக் கல், எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் பார்த்து என்று இடம் மாறாமல் பதிந்தார். அப்போது காட்சி தெளிவாயிற்று. நடுவே ஒரு பட்டடைக்கல். அதன் அருகே தட்டும் கல். சுற்றிலும் தெறித்த சில்லுகள். முடிந்த கருவிகளும் முடியாமல் எறிந்தவைகளும். ஒரு பட்டறை! தச்சன் எழுந்து போனபின் மரச்சீவல் கிடக்குமே, அப்படி. ஆறு கல்லை உருட்டும். பட்டடை போட்டு உட்காராது. வாதம் அதோடு அடங்கிற்று.

அந்தப் பட்டறையின் மேல் எரிமலைச் சாம்பல் படிந்திருந்தது. சுமத்திராவிலுள்ள தோபா எரிமலை வெடித்தபோது காற்றில் வந்த சாம்பல் அது. முதலில் அதற்கு 31,000 ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். பின்னர் திருத்தமான ஆய்வில் சுமார் 74,000 ஆண்டுகள் என்று தெரிந்தது. இன்று தோபா ஏரி என்று நாம் சுற்றுலா போய்ப் பார்ப்பது அந்த எரிமலையின் வாய்தான். அதே லெங்கோங்கில் குனோங் ருந்துக் குகையில் கண்டெடுத்த 'பேராக் மனிதன்' எலும்புக்கூட்டைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறொரு நாள் பேச வேண்டிய கதை. பக்கத்திலேயே புக்கிட் பூனோ என்னும் இடத்தில், செம்பனை நிற்கும் நிலத்தில், 2001 முதல் மொக்தார் சைடினும் அவர் குழுவினரும் ஆய்ந்தார்கள். அங்கே விண்கல் மோதி உருகிய பாறைக்குள் கல்லாயுதங்கள் இருப்பதாகவும் அவற்றின் வயது 18 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் என்றும் 2009இல் அறிவித்தார்கள். உலக ஆய்வாளர்கள் எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் லெங்கோங் பள்ளத்தாக்கின் பெருமையில் ஐயமில்லை. 2012இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இந்தியாவில் கற்கால ஆராய்ச்சி தொடங்கியதும் ஒரு குழியில்தான். 1863 மே 30ஆம் நாள், சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், சரளை தோண்டிய பள்ளத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது கற்காலக் கோடரி. சரளைக்காகத் தோண்டியவர்கள் தோண்டியிராவிட்டால் அவர் கண்ணில் அது பட்டிருக்காது.

குழியைப் போலவே எல்லையும் மண்ணில் பதிந்த எழுத்துதான். நிலத்தின் எல்லையை எழுதி வைப்பதில் நம் முன்னோர் பெரிய ஆட்கள். சோழர் காலத்தில் ஓர் ஊரைத் தானமாகக் கொடுத்தால், ஊரார் முன்னிலையில் பெண் யானையை எல்லையோடு நடத்திச் செல்வார்கள். போன வழியில் கல்லை நட்டுக் கள்ளியை ஊன்றுவார்கள். பிறகு எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த வயலுக்கு மேற்கு என்று செப்பேட்டில் வெட்டிவைப்பார்கள். இதில் நம் நாட்டோடு தொடர்புடைய செப்பேடும் ஒன்று உண்டு. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எடுப்பித்தான். கடாரம் என்பது இன்றைய கெடா. அந்த விகாரைக்கு முதலாம் இராசராச சோழன், ஏறத்தாழ 1006இல், ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். அதைக் கூறும் 21 ஏடுகள் கொண்ட செப்பேட்டுத் தொகுதி, பிற்காலத்தில் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றது. அதில் ஆனைமங்கலத்தின் எல்லைகள் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. படிக்கிறவருக்கு ஒரு வரப்பைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவதுபோல இருக்கும்.

செப்பேடு இல்லாத நிலத்தில் எல்லையை எப்படிக் காண்பது? வானத்திலிருந்து பார்க்கலாம். தூர்ந்த வாய்க்காலின் மேல் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருப்பதால் பயிர் செழிக்கும். புதைந்த சுவரின் மேல் பயிர் வாடும். தரையில் நின்றால் தெரியாத இந்தப் பச்சையும் மஞ்சளும், ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படத்தில் கோடு போட்டாற்போல் தெரியும். இங்கிலாந்தில் கிராஃபோர்டு என்பவர் 1920களில் இந்த முறையை வளர்த்தார். மலாயாவில் பழங்குடி மக்கள் ஆலோசகராக இருந்த வில்லியம்ஸ் ஹண்ட், போர்க்காலத்து விமானப் படங்களை ஆராய்ந்து, சயாமின் கிழக்குப் பகுதியில் அகழி சூழ்ந்த பழைய ஊர்கள் பலவற்றைக் காட்டினார். அதை 1950இல் வெளியிட்டார். நம் நாட்டில் பாதி நிலத்தை மரம் மூடியிருக்கிறது. படம் எடுத்தால் இலைதான் தெரியும். ஆனால் இன்று விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, இலை இடுக்குகளின் வழியாகத் தரையை அளந்துவிடுகிறார்கள். 2012இல் கம்போடியாவில் குலென் மலையில் இப்படி அளந்தபோது, காட்டுக்கடியில் வீதிகளும் குளங்களுமாக ஒரு பழைய நகரத்தின் கட்டமே தெரிந்தது.

இவ்வளவு வழிகள் இருந்தும், மண்வாரி இயந்திரம் ஒருநாள் ஓடினால் எல்லாம் முடிந்துவிடும். முன்பு தோட்டம் போட்டபோது மரம் நடும் குழியைக் கையால் வெட்டினார்கள். பழைய பள்ளம் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்; நிரப்ப நேரமுமில்லை, தேவையுமில்லை. பால்மரத்தைத் தள்ளிவிட்டுச் செம்பனை போட்டபோது இயந்திரங்கள் வந்தன. மேடு இடிந்தது, பள்ளம் நிரம்பியது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறும்போது அதுவும் மிஞ்சுவதில்லை. கிந்தாவின் கதை இன்னும் துயரமானது. நீர் பீய்ச்சியும் ஈயக்கப்பல் விட்டும் பள்ளத்தாக்கைப் புரட்டிப்போட்டார்கள். அவற்றின் தடம் இன்று ஏரிகளாகவும் வெள்ளை மணல் திட்டுகளாகவும் கிடக்கிறது. அந்த மணலில் ஹேல் கண்ட குழிகளை இனித் தேட முடியாது. அவர் எழுதிய சில வரிகள்தாம் பாக்கி.

2013இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் நடந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சுங்கை பத்து தோட்டத்து நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டியின் அடித்தளம், வீடு கட்ட நிலத்தைச் சமன் செய்தபோது இடிக்கப்பட்டது. சண்டி என்றால் பழங்காலத்துக் கோயில். தனியார் நிலம், பழஞ்சின்னமாகப் பதிவாகவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. ஆனால் போனது போனதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழம்பொருள் என்று கருதத்தக்க எதையாவது கண்டால், மரபுடைமை ஆணையரிடமோ அந்த மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். கோலா கங்சார்க்காரர்களுக்கு மாவட்ட அலுவலகம் தெரியாத இடமல்ல. 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் மிஞ்சிய கிழமரம் நிற்பது அதன் அருகில்தான். தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய பேராக் அரும்பொருளகமும் இருக்கிறது. சொல்லப் போகுமுன் செய்யக்கூடாதது ஒன்றுதான்: கிளறக்கூடாது. கண்ட பொருள் கண்ட இடத்திலேயே இருக்கட்டும். அகலத்தைக் காலடியால் அளந்து, ஆழத்தைக் கம்பால் பார்த்து, அடுத்த குழி எத்தனை அடி தூரம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். இப்போது எல்லார் கையிலும் படமெடுக்கும் தொலைபேசி இருக்கிறது. படமெடுக்கும்போது பால்கத்தியோ மண்வெட்டியோ ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்தால், பார்ப்பவருக்கு அளவு தெரியும். எந்தக் காடு, எத்தனையாவது நிரை என்பதையும் எழுதிவிட்டால், நாளைக்கு வரும் ஆய்வாளர் நேரே அந்த இடத்துக்கு வந்துவிடுவார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் நினைக்கத் தோன்றுகிறது. நூறாண்டுகளாக இந்த மண்ணை அதிகமாக வெட்டியவர்கள் நம்மவர்கள்தாம். கான், மண்குழி, சரிவில் வெட்டிய படிக்கட்டு, எல்லைக்கல் நட்ட குழி, கிணறு, லயத்துக்குப் போட்ட அடித்தளம் என எத்தனை! தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபிறகு, பல இடங்களில் லயம் இருந்த சுவடே இல்லை என்கிறோம். அப்படிச் சுத்தமாக அழிந்துவிடாது. செம்பனைக்கு நடுவே சம்பந்தமில்லாமல் ஒரு மாமரமும் முருங்கையும் கறிவேப்பிலைப் புதரும் நின்றால், அது யாரோ ஒருவரின் வீட்டுப் புழக்கடை. அதன் அருகே சில அடி தள்ளிச் சருகை விலக்கிப் பார்த்தால், நேர்கோட்டில் கெட்டிப்பட்ட மண் தென்படும். லயத்தின் வாசல் வரிசை அது. கொஞ்சம் தொலைவில் சூலம் நட்ட மேடையோ செங்கல் பீடமோ இருந்தால் அம்மன் கோயில். இவற்றுக்கிடையே அடி கணக்கில் தூரத்தை அளந்து ஒரு தாளில் போட்டுவிட்டால், தோட்டத்தின் வரைபடம் ஒன்று கிடைத்துவிடும். எந்தக் கதவு யாருடைய வீடு என்பதைச் சொல்ல ஆள் இருக்கும்போதே அதில் பெயர்களையும் எழுதிவிடலாம். லாஹாட்டில் அம்மி அரைத்தவளின் பெயரை ஹேலிடம் சொல்ல அங்கே யாரும் இல்லை.